ஹாஃப்மன் என்ற பெயர் நம் வீட்டுக்கு வந்த வழி

தம்பி,

விசா வந்துவிட்டது, அடுத்த வியாழக்கிழமை அபுதாபியிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன் என்று இரண்டு வரி அனுப்பியிருந்தாய். போவதற்கு முன்னால் எல்லை தாண்டி ஓமானுக்கு, சோஹாருக்கு ஒரு நடை வந்து என்னைப் பார்ப்பாயா என்று கேட்டேன், பதில் இல்லை. நான் லீவு போட்டுவிட்டு நீ வேலை பார்க்கிற ருவைஸுக்கு வரட்டுமா என்று கேட்டேன், அதற்கும் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பெற்றவளோடு பேசாமல் இருக்கிறவன் இந்த இரண்டு வரியையாவது எழுதினானே என்று நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமாக்கும். சொல்லவில்லை. கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். இங்கிலீஷில் எழுதியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் இங்கிலீஷில் எனக்கு நோயாளியின் காய்ச்சலும் பிரஷரும் எழுதத்தான் வரும். எழுத்துக் கூட்டியாவது தமிழிலேயே படி. மெதுவாகப் படித்தால், தூக்கி எறிவதற்குள் பாதியாவது உள்ளே போகும்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லி எழுதவில்லை. மன்னிக்கச் சொல்லியும் எழுதவில்லை, அது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நீ போகிற நாட்டில் உன் பாஸ்போர்ட்டைப் பார்க்கிற முதல் ஆளே கேட்பான், இந்த முகத்துக்கு ஹாஃப்மன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று. ஆபீஸில் கேட்பார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள். உனக்கு ஐந்து வயதில் நான் சொல்லிக்கொடுத்த பதில் பொய் என்று ரூத்தின் அப்பா ஆசீர்வாதம் வீட்டில் எல்லார் முன்னாலும் உனக்குத் தெரிந்துபோயிற்று. உண்மை என்ன என்று மட்டும் இன்னும் யாரும் உனக்குச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அங்கே போய் இறங்கக் கூடாது. ரூத்தைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை நீ படிக்கமாட்டாய்.

உன் அப்பாவின் தாத்தா பெயர் மாசிலாமணி. கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு ஊர், நீ அங்கே போனது ஒரே தடவை, அதுவும் கைக்குழந்தையாக. அந்த ஊர் நிலமெல்லாம் ஒரே பண்ணைக்குச் சொந்தம். சேரியில் இருந்த ஜனங்களும் ஏறக்குறைய அந்தப் பண்ணைக்குச் சொந்தம். மாசிலாமணியின் அப்பா பண்ணையாள், அவருக்கு அப்பாவும் பண்ணையாள். நாம் பறையர். இந்தச் சொல்லை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குள்கூடப் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். எழுதியாயிற்று, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. என் பிறந்த வீடும் அதேதான், பக்கத்துச் சபை. நீ வளைகுடாவில் பிறந்து, மலையாளிப் பிள்ளைகளோடும் பாகிஸ்தானிப் பிள்ளைகளோடும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். உனக்கு இது ஒரு சொல்லாக மட்டும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

ஊருக்கு ஒரு மைல் தள்ளி ஜெர்மன் மிஷன் பங்களா இருந்தது. அதில் இருந்த பாதிரியார் பெயர் ஹாஃப்மன். மாசிலாமணி வாலிபத்தில் அந்தப் பங்களாவுக்குச் சமையல் வேலைக்குப் போனார். பண்ணையில் லேசில் விடவில்லையாம். பாதிரியாரே நேரில் போய் நின்று பேசிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நம் வம்சத்தில் பண்ணையை விட்டு வெளியே கால் வைத்த முதல் ஆள் அவர்தான். அங்கே ரொட்டி சுடவும் சூப் வைக்கவும் கற்றுக்கொண்டார். பாதிரியாருக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது மூன்று வாரம் பக்கத்திலேயே இருந்து கஞ்சி புகட்டிப் பிழைக்க வைத்தார். பாசமான மனுஷர்தான் அந்தப் பாதிரியார். அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்: மாசிலாமணி சோறு பரிமாறிய அந்த மேசையில் மாசிலாமணி ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. முதல் உலக யுத்தம் வந்ததும் வெள்ளைக்கார சர்க்கார், எதிரி நாட்டு ஆள் என்று சொல்லி ஜெர்மன் பாதிரிமார்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போனவர் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் இல்லை. அந்தச் சமயத்தில் மாசிலாமணிக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் என்ன பெயர் வைக்க என்று கேட்டதற்கு, ஹாஃப்மன் என்றாராம். அந்தக் காலத்துச் சபைகளில் இது சாதாரணமாக நடப்பதுதான். தனக்கு நல்லது செய்த பாதிரியாரின் குடும்பப் பெயரைத் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயராக வைத்துவிடுவார்கள். ரத்த சம்பந்தமும் இல்லை, தத்து எடுத்ததும் இல்லை. பிரியம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைதான் உன் தாத்தா. பண்ணை வீட்டில் ஒருத்தரும் அவரை ஹாஃப்மன் என்று கூப்பிட்டதில்லை. "டேய், சமையக்காரன் மவனே"தான். அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இது குடும்பப் பெயராக ஆனது கும்பகோணத்தில், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில். நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறவர்கள் நாம். உன் அப்பா வெறும் ஹெச். தேவசகாயம். கிரேன் ஓட்ட ஆள் எடுத்த ஏஜெண்டு, "கல்ஃப்ல ஒத்தப் பேரு செல்லாதுண்ணே, சர்நேம் கேப்பான். அப்பா பேரப் போட்டுர்றேன், என்ன?" என்று கேட்டிருக்கிறான். உன் அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அப்படித்தான் தேவசகாயம் ஹாஃப்மன். இரண்டு வருஷம் கழித்து நான் நர்ஸாக வந்தபோது பாஸ்போர்ட்டில் எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. நீ பிறந்ததும் உனக்கும். ஆஸ்பத்திரி சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் ஹாஃப்மன் என்று பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

சோஹாரில் நாங்கள் தமிழ் ஆராதனைக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை அது. ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். ரூத்தின் அம்மா எலிசபெத் அக்கா கையில் கப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தஞ்சாவூர் பக்கமா? அட, எங்க ஆளுங்க அங்க நெறையப் பேரு இருக்காங்களே. ஊர்ல எந்தத் தெரும்மா நீங்க?" என்று கேட்டாள். ஊரைக் கேட்டுவிட்டு அடுத்து தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று நம்மவர்களுக்குத் தெரியும். கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி வந்தும் அந்தத் தெரு விடவில்லை பார். நர்ஸிங் ஹாஸ்டலில் நான் தொட்ட குடத்தைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தவர்களோடு மூன்று வருஷம் படித்தவள் நான், அவர்களும் ஜெபம் பண்ணுகிறவர்கள்தான். யோசிக்கவே இல்லை, சொல்லிவிட்டேன்: "எங்க வீட்டுக்காரரோட தாத்தா ஜெர்மன்காரருக்கா. பாதிரியாரா வந்தவரு." எலிசபெத் அக்காவின் முகம் எப்படி மாறியது என்கிறாய்! "அப்பிடியா! அதான் பேரே அப்பிடி இருக்கு" என்று எழுந்து போய்த் தன் கையால் எனக்கு இன்னொரு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டீயை நான் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார். "நம்ம தாத்தா ஜெர்மன்காரனுக்குச் சோறாக்கிப் போட்டவருடி. அதுல என்ன கொறச்சல்?" என்றார். "கொறச்சல் என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க கிரேன் மேல ஏறிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறவரு, தரையில நடக்குறது நான்" என்றேன். நன்றாகப் பேசிவிட்டதாக நினைப்பு எனக்கு. அவர் அதன்பிறகு அந்தக் கதையை மறுத்ததும் இல்லை, ஒரு தடவைகூடத் தன் வாயால் சொன்னதும் இல்லை. யாராவது கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சொன்னதெல்லாம் நான். ஒரு பொய்யை வைத்துக் குடித்தனம் நடத்த வேண்டுமானால் அதற்குப் பாத்திரம் பண்டம் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. பாதிரியார் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டினார் என்றேன். உன் தாத்தாவுக்குப் பூனைக் கண் என்றேன். அதையெல்லாம் உனக்கும் ஊட்டினேன். எட்டாவது படிக்கும்போது குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? உச்சியில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரை வரைந்தாய். இன்டர்நெட்டில் பார்த்து, ஹாஃப்மன் என்றால் ராஜசபையைச் சேர்ந்தவர் என்று அர்த்தமாம் என்று கீழே எழுதினாய். உன் அப்பா டூட்டி முடிந்து வந்து அந்தச் சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மாசிலாமணி எங்க?" என்று என்னைக் கேட்டார். "அவரப் போட்டா நல்லாருக்காது" என்றேன். உனக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு கிடைத்தது.

ராஜசபை என்பதும் சரியில்லை, அதையும் தெரிந்துகொண்டு போ. நீ காலேஜுக்குப் போன பிறகு எங்கள் வார்டில் ஒரு ஜெர்மன் இன்ஜினியர் சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தார். துறைமுகத்தில் வேலை, வயசானவர், நல்ல மாதிரி. என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் வீட்டுப் பெயரும் இதுதான் என்றார். நான் வழக்கம்போல ராஜசபை என்று ஆரம்பித்தேன். மனுஷர் வலியிலும் சிரித்தார். எங்கள் ஊரில் அதைப் பெருமைக்குச் சொல்வார்கள் சிஸ்டர், ஆனால் பெரும்பாலும் அது குடியானவர்களின் பெயர்தான் என்றார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் ஜனங்களுக்கு ஒற்றைப் பெயர்தானாம். ஒரே ஊரில் பத்து ஹான்ஸ் இருந்தால் வரி வாங்குகிறவனுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காகச் செய்கிற தொழிலையோ இருக்கிற இடத்தையோ பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பிறகு அதுவே பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்விட்டது. பிரபுவின் பண்ணையில் இருந்துகொண்டு அவர் நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு ஹாஃப்மன் என்று எழுதினார்களாம். சிலபேர் அந்தப் பண்ணைக்கு மேஸ்திரியாகவும் இருந்திருப்பார்கள், ஆனால் எங்கள் அம்மா வீட்டார் மாடு மேய்த்தவர்கள்தான் என்று சொன்னார். ஒரு கூச்சமும் இல்லாமல், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். நான் அவருக்கு ஊசி போட வந்தவள், கையில் சிரிஞ்சோடு அப்படியே நின்றுவிட்டேன். எந்தப் பண்ணையை மறைக்க இந்தப் பெயரை இழுத்துப் போர்த்திக்கொண்டேனோ அதே பண்ணைதான் இதற்குள்ளும் இருந்திருக்கிறது. அன்றைக்காவது உனக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நினைத்தேன். உனக்குப் பரீட்சை என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

உன் அப்பா செத்துப்போன வருஷத்திலாவது அந்தப் பொய்யை உடைத்திருக்கலாம். அடக்கம் பண்ண ஊருக்குக் கொண்டுபோகாமல் திருச்சியில் நாம் கட்டிய வீட்டுக்குக் கொண்டுபோனது ஏன் என்று நீ கேட்டாய். ஊர்ப்பக்கம் ரோடு சரியில்லை என்றேன். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நம் சபை ஜனங்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதால் உனக்குத் தெரிந்துபோகுமே என்று பயந்தேன். செத்த மனுஷரைக்கூட அவர் ஜனத்தோடு படுக்க நான் விடவில்லை.

அப்புறம் நீயும் ரூத்தும். பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து தொடங்கிய சிநேகம், எனக்குத் தெரியாதா என்ன? அவள் இங்கே டீச்சர் வேலையில் சேர்ந்து, நீ ருவைஸில் பிளான்ட்டில் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு தடவை எல்லை தாண்டி ஐந்தாறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவாயே, அம்மாவின் மீன் குழம்புக்காகவா வந்தாய்? ஆசீர்வாதம் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஜெர்மன் வம்சத்து மாப்பிள்ளை என்று ஆராதனைக்கு வருகிற தமிழ் ஐக்கியத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பயப்படவில்லை, தம்பி. அதுதான் ஆச்சரியம். முப்பது வருஷம் சொன்னதில் எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டிருந்தது. ஓலை என்று ஒன்று இருக்கிறதை மறந்தே போனேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் சபையில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகன் இன்னாரை மணக்கிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அதற்கு நீ ஞானஸ்நானம் பெற்ற சபையிலிருந்து சான்று வர வேண்டும். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஊரில். உன் தாத்தா அப்போது படுக்கையில் கிடந்தார், அவர் கை உன் தலையில் பட வேண்டும் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அவர் ஒரே தடவை பிடித்த பிடிவாதம் அது.

நான் எழுதிச் சான்று வாங்கித் தருகிறேன் என்றேன். ஆசீர்வாதம், "உங்களுக்கு எதுக்கும்மா செரமம்" என்று தானே அந்தச் சபைக்குப் போன் பண்ணிவிட்டார். அங்கே இருக்கிற கோயில் கிளார்க் பாவம், தேவசகாயம் மகனுக்குக் கல்யாணம் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. உன் பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தால் போதும். பழைய ரிஜிஸ்தரையெல்லாம் தேடி எடுத்து, உன் அப்பா, தாத்தா, பூட்டன் எல்லார் பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பெயர், தகப்பன் பெயர், தொழில், ஜாதி என்று கட்டம் கட்டி எழுதுகிற காலத்து ரிஜிஸ்தர். ஹாஃப்மன், தகப்பன் மாசிலாமணி, பங்களா சமையல்காரன். நாலாவது கட்டத்தில் என்ன இருந்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஐக்கியத்துப் பெரியவர்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தார். நீ நீலச் சட்டை போட்டிருந்தாய். ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டே, "தம்பி, உங்க தாத்தா கதைய இவங்களுக்கும் ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றார். நீ சொன்னாய். கப்பல், காய்ச்சல், பூனைக் கண், எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே, பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக, அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நீ முடிக்கும் வரை விட்டு, அவர் போனை எடுத்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "படிங்க தம்பி. தமிழ் படிக்க வருமில்ல?" நீ எழுத்துக் கூட்டிப் படித்தாய், வாய்விட்டு. எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஜாதி எனக்குப் பெரிசே இல்ல தம்பி, நான் விசுவாசி. ஆனா பொய் சொல்ற குடும்பத்துல எப்பிடிப் பொண்ணக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார். கெட்டிக்காரர். உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அந்த வீட்டு சோபாவில் என்னை உட்கார வைத்திருப்பாரா? ஆனாலும் அந்த ஆயுதத்தை அவர் கையில் கொடுத்தது நான்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூத் சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நீ எழுந்து போய்விட்டாய்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளும் அப்பன் பக்கம்தான் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய். அவள் நம்பரை பிளாக் பண்ணினாய், கம்பெனி கேம்பில் ரூமை மாற்றினாய், என்னிடம் பேச்சை நிறுத்தினாய். இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் உனக்குத் தெரியாதது.

பத்து நாள் கழித்து ரூத் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காலை பதினோரு மணி, ஓ.பி.யில் கூட்டம். டோக்கன் வாங்கி நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து நான் கூப்பிடும் வரை காத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "ஆன்ட்டி, அவர் என் போன எடுக்க மாட்டேங்கிறார். அன்னைக்கு நான் பேசாம நின்னது தப்பு, பயந்துட்டேன். எனக்கு எந்த ஜாதியும் வேணாம், எந்தத் தாத்தாவும் வேணாம். அவர் எந்த ரூம்ல இருக்கார்னு மட்டும் சொல்லுங்க, நான் இன்னைக்கே கெளம்பி ருவைஸ் போறேன். பாஸ்போர்ட்ட அப்பாகிட்டருந்து எடுத்துட்டேன்" என்றாள். கைப்பையைத் திறந்து காட்டினாள், பாஸ்போர்ட் இருந்தது. அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் முன்னால் நின்றது, தம்பி. உன் புது ரூம் நம்பர் எனக்குத் தெரியும், உன் சிநேகிதன் சொல்லியிருந்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் வேற பொண்ணுக்குச் சம்மதிச்சுட்டான்மா. ஊர்ல பேசி முடிச்சாச்சு. நீ அவனத் தொந்தரவு பண்ணாத" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன். ரூத்மேல், உன் அப்பன் என் பிள்ளையை மேசையில் வைத்து அறுத்தானே, நீயும் அழு என்ற ஆத்திரம் இருந்தது. அதைவிடப் பெரிது இன்னொன்று. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தால் தினமும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் யார், எதை மறைத்தேன், எப்படி மறைத்தேன் எல்லாம் தெரிந்த ஒருத்தி எனக்குச் சோறு போடுவாள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. என் வெட்கத்துக்காக உன்னை விற்றேன். அவள் உடனே நம்பினாள். நான்தானே, சின்ன வயசிலிருந்து பார்த்த ஆன்ட்டி. "சரி ஆன்ட்டி, அவர நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஐந்து மாதத்தில் அவளுக்குக் கல்யாணமாயிற்று. சவூதியில் தம்மாமில் இருக்கிறாள், போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தேடாதே. அவள் போன் நம்பர் உனக்குக் கிடைத்தாலும் பேசாதே. இனி எதையும் சரிபண்ண வழியில்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். அந்தக் குடும்பத்தையும் உடைக்கிற பாவம் நம் வீட்டுக்கு வேண்டாம். ஆனால் உன்னை வேண்டாம் என்று விட்டவள் என்று நினைத்துக்கொண்டு நீ வாழ்நாள் முழுக்க அவளை வெறுக்கக் கூடாது, உன்னையும் அப்படி நினைக்கக் கூடாது. அவள் வந்தாள். உன் ஜாதி தெரிந்து, என் பொய் தெரிந்து, எல்லாம் தெரிந்துதான் வந்தாள். திருப்பி அனுப்பியது நான்.

எனக்கு இங்கே வேலை இன்னும் மூன்று மாதம். அதற்குமேல் நீட்டிக்க மாட்டார்கள், வயசாகிவிட்டது. திருச்சி வீட்டில் போய் இருப்பேன். வாசலில் உன் தாத்தா பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேனே, அந்தத் தெருவிலும் எல்லாருக்கும் பூனைக் கண் கதைதான் தெரியும். ஊருக்குப் போய் நம் ஜனத்தோடு இருந்துவிடலாம் என்று பார்த்தால், முப்பது வருஷம் எட்டிப் பார்க்காதவளை அவர்கள் எதற்காகச் சேர்க்க வேண்டும்? அதைப் பற்றி நீ கவலைப்படாதே. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே, உனக்குப் பசி தாங்காது. குளிருக்குக் காது மூடுகிறமாதிரி தொப்பி வாங்கிக்கொள். உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்தால் முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிடு. விட்டுப் போகிறவள் அப்போதே போகட்டும்.

அங்கே உன் பெயரைப் பற்றி யாராவது கேட்டால் நிமிர்ந்து பார்த்துச் சொல். என் பூட்டனார் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை, உங்கள் நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குச் சமைத்துப் போட்டார், அவர் பேரில் இருந்த பிரியத்தில் தன் மகனுக்கு இந்தப் பெயரை வைத்தார் என்று சொல். இவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம், எனக்கு முப்பது வருஷம் வாய் வரவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் கிரேன் ஓட்டினார், பொய் சொல்லாத மனுஷர் என்று சொல். அம்மா இருக்கிறாளா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.